மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தாவர மூலக்கூறுகளும் நானோ தொழில்நுட்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரம் ஒன்றிலிருந்து எடுத்த பொருளை நானோ துகளில் ஏற்றி மார்பகப் புற்றுநோயை அழித்துவிட்டதாகச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றுள் எது இன்று மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தரப்படுகிறது, எது ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டைத் தாண்டவில்லை என்பதைப் பிரித்துக் காட்டவே இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டன. தனிப்பட்ட ஒருவருக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தாவரத்திலிருந்து வந்த புற்றுநோய் மருந்தும் மூலிகை மருந்தும் ஒன்றுதானா?

இல்லை. இலையையோ வேரையோ பட்டையையோ காய்ச்சி எடுத்த சாற்றில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கு ஏற்ப அவற்றின் விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும். புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படும் தாவர மூலக்கூறு என்பது அந்தக் கலவையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, அமைப்பு கண்டறியப்பட்டு, தூய்மை சோதிக்கப்பட்டு, நோயாளியின் உடற்பரப்பைக் கணக்கிட்டு மில்லிகிராம் அளவில் செலுத்தப்படும் ஒற்றைப் பொருள். பிறந்த இடம் தாவரம் என்பதைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது குறைவு. இயற்கையில் கிடைத்தது என்பதால் அது மென்மையானது என்று எண்ணுவதற்கும் இடமில்லை. இவற்றுள் பல, செடி தன்னை உண்ணவரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ள உருவாக்கிய நஞ்சுகள்.

இன்று மார்பகப் புற்றுநோய்க்கு உண்மையிலேயே தரப்படும் தாவர வழி மருந்துகள் எவை?

முதலிடம் டாக்சேன் வகைக்கு. பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கண்டுபிடிக்கப்பட்ட பேக்ளிடாக்செல், ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளிலிருந்து கிடைக்கும் பொருளை வேதிமுறையில் மாற்றிச் செய்யப்படும் டோசிடாக்செல் ஆகிய இரண்டும் உலகம் முழுவதும் ஆரம்ப நிலை நோயிலும் பரவிய நோயிலும் அன்றாடம் பயன்படுகின்றன. அடுத்து, நித்தியகல்யாணிச் செடியின் வின்கா ஆல்கலாய்டுகளிலிருந்து பெறப்பட்ட வினோரெல்பின். இது சிரை வழியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. இவற்றோடு, தனி மருந்தாக அல்லாமல், குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றோடு பிணைத்துத் தரப்படும் மேடான்சின் வழிப்பொருளும் கேம்ப்டோதெசின் வழிப்பொருள்களும் உள்ளன. பலர் தாவர மருந்து என்று தவறாகச் சொல்லும் டாக்சோரூபிசின் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்தும், எரிபுலின் கடற்பஞ்சிலிருந்தும் வந்தவை.

யூ மரப்பட்டை மருந்தாக எவ்வளவு காலம் ஆனது?

முப்பது ஆண்டுகள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சேகரித்துச் சோதிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதன் பகுதியாக 1962ஆம் ஆண்டு ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலக் காடு ஒன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். வட கரோலினாவில் மன்றோ வால், மன்சுக் வானி ஆகியோரின் குழு அதிலிருந்து செயல்படும் மூலக்கூறைப் பிரித்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டது. ஆனாலும் ஆர்வம் பெரிதாக எழவில்லை. பட்டையின் எடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் மருந்து கிடைத்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். மரமோ மிக மெதுவாக வளர்வது. கிடைத்த வெண்பொடியோ நீரில் கரைய மறுத்தது.

நிலைமையை மாற்றியது 1979இல் அமெரிக்க ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ் வெளியிட்ட ஆய்வு. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் என்னும் இழைகள் உருவாகி, வேலை முடிந்ததும் கலைய வேண்டும். வின்கா வகை மருந்துகள் அந்த இழைகளை உருவாகவிடாமல் தடுக்கின்றன. பேக்ளிடாக்செல் நேர்மாறாக, உருவான இழைகளைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. செல் பிரியவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் நின்று மடிகிறது. அதுவரை எந்த மருந்தும் இப்படிச் செயல்பட்டதாக அறியப்படவில்லை. சினைப்பைப் புற்றுநோய்க்கு 1992இலும் மார்பகப் புற்றுநோய்க்கு 1994இலும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் கிடைத்தது. மரத்தைக் கொல்லும் சிக்கலும் பின்னர் தீர்ந்தது: வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும் ஊசியிலைகளிலிருந்து முன்னோடி மூலக்கூறு ஒன்றை எடுத்து, மீதிப் பகுதியை வேதிவினையால் சேர்க்கும் முறை வந்தது. இன்று தாவரச் செல்களைத் தொட்டிகளில் வளர்த்தும் இதைத் தயாரிக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல மருந்துக்கு நானோ தொழில்நுட்பம் எதற்குத் தேவைப்பட்டது?

நீரில் கரையாத மருந்தை இரத்தத்தில் நேரடியாகச் செலுத்த முடியாது. ஆகவே பேக்ளிடாக்செல்லை, ஆமணக்கு எண்ணெயை வேதிமுறையில் மாற்றிச் செய்த கிரெமோஃபார் என்ற திரவமும் எத்தனாலும் சம அளவில் கலந்த கரைப்பானில் கரைத்தார்கள். சிக்கல் அந்தக் கரைப்பானிடமிருந்தே வந்தது. சிலருக்கு மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரியும் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. இன்றும் வழக்கமான பேக்ளிடாக்செல் ஏற்றுவதற்கு முன்பு ஸ்டீராய்டும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகளும் தருவது இதனால்தான். அந்தக் கரைப்பான் சாதாரண பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து நெகிழியாக்கிப் பொருளைக் கரைத்து எடுத்துவிடும் என்பதால், சிறப்புக் குழாய்களும் நுண்வடிகட்டியும் தேவைப்படுகின்றன. டோசிடாக்செல்லுக்கு வேறொரு கரைப்பான், வேறு விதத் தொல்லைகள்.

கரைப்பானே இல்லாமல் மருந்தை இரத்தத்தில் மிதக்கவிட வழி உண்டா என்பதுதான் நானோ மருத்துவம் இங்கே நுழைந்ததற்கான நேரடிக் காரணம். புற்றுக்கட்டியைத் தேடிப்பிடிக்கும் அதிசய ஊர்தி என்ற எண்ணமெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது. முதல் தேவை, சொல்லப்போனால், மிகச் சாதாரணமான ஒரு மருந்தாக்கச் சிக்கல்.

நானோ துகள் எவ்வளவு சிறியது? அளவு ஏன் முக்கியம்?

ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். சிவப்பணுவின் குறுக்களவோ 7,000 நானோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ 6 நானோமீட்டருக்குக் குறைந்தவற்றைச் சிறுநீரகம் விரைவாக வடித்து வெளியேற்றிவிடும். 200ஐத் தாண்டியவற்றை மண்ணீரல் சல்லடைபோல் பிடித்துக்கொள்ளும். இடைப்பட்டவையும் தப்புவதில்லை: இரத்தத்தில் இறங்கிய சில நொடிகளிலேயே புரதங்கள் துகளின் மேல் போர்வையாகப் படிய, கல்லீரலில் உள்ள விழுங்கு செல்கள் அதை அந்நியப் பொருளாகக் கண்டு உள்ளிழுத்துக்கொள்கின்றன. பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைத் துகளின் மேல் நட்டுவைப்பது இந்தப் படிவைக் குறைக்கத்தான்.

அல்புமின் நானோ துகள் பேக்ளிடாக்செல் எப்படிப்பட்டது?

தாவர மூலக்கூறும் நானோ தொழில்நுட்பமும் சேர்ந்து நோயாளியின் படுக்கைவரை வந்த முதல் பெரிய எடுத்துக்காட்டு இதுதான். அப்ராக்சேன் என்ற பெயரில், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2005 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மனித இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் புரதத்தோடு பேக்ளிடாக்செல்லை உயர் அழுத்தத்தில் சேர்த்து, சராசரியாக 130 நானோமீட்டர் துகள்களாக ஆக்குகிறார்கள். ஒரு குப்பியில் 100 மில்லிகிராம் மருந்தும் ஏறத்தாழ 900 மில்லிகிராம் அல்புமினும் உலர்பொடியாக இருக்கும்.

இதைத் தயார்செய்வதே பொறுமையான வேலை. 20 மில்லிலிட்டர் உப்புநீரைப் பொடியின் மேல் நேரடியாகப் பீய்ச்சாமல், குப்பியின் உட்சுவரை ஒட்டிக் குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக இறக்க வேண்டும்; நேரடியாக விழுந்தால் நுரைத்துவிடும். பிறகு பொடி நன்றாக நனைய ஐந்து நிமிடமாவது விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்ற வேண்டும். கிடைப்பது தெளிந்த கரைசல் இல்லை. பால் போன்ற வெண்ணிறக் கலங்கல். வழக்கமான பேக்ளிடாக்செல்லின் தெளிந்த பையைப் பார்த்துப் பழகிய நோயாளிகள் இதைக் கண்டு மருந்து கெட்டுவிட்டதோ என்று கேட்பதுண்டு. அந்த வெண்மைதான் மருந்து துகள்களாகப் பரவியிருப்பதன் அடையாளம்.

ஏற்றும் நேரம் 30 நிமிடம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரப்படும் வழக்கமான பேக்ளிடாக்செல்லுக்கோ 3 மணி நேரம். ஒவ்வாமைக்கான முன்மருந்து பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. இரத்தத்தில் இறங்கியதும் இந்தத் துகள்கள் முழுதாகவே சுற்றிக்கொண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். அவை விரைவில் உடைந்து, மருந்தைச் சுமந்த தனித்தனி அல்புமின் மூலக்கூறுகளாகிவிடுகின்றன. நானோ துகளாக அது வாழும் காலம் பெரும்பாலும் குப்பியிலும் குழாயிலும்தான்.

அது பழைய மருந்தைவிடச் சிறந்ததா?

சில சூழல்களில் ஆம். எல்லாச் சூழலிலும் இல்லை. ஒப்புதலுக்கு அடிப்படையான மூன்றாம் கட்ட ஆய்வில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தந்தபோது அல்புமின் வகையில் 33 சதவீதத்தினருக்கும் வழக்கமான வகையில் 19 சதவீதத்தினருக்கும் கட்டி கணிசமாகச் சுருங்கியது. நோய் மீண்டும் முன்னேறும் வரையான காலம் 23 வாரம், எதிரணியில் 16.9 வாரம். வெள்ளையணுக்கள் மிகக் கடுமையாகச் சரிவது அல்புமின் வகையில் குறைவான பேருக்கே நேர்ந்தது. கைகால் விரல்கள் மரத்து எரியும் கடும் நரம்புப் பாதிப்போ 10 சதவீதத்தினருக்கு வந்தது. மறுபக்கத்தில் 2 சதவீதம்தான். இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: நானோ வகை சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம், வழக்கமான வகை 175. கூடுதல் பயனில் எவ்வளவு துகளின் திறமை, எவ்வளவு கூடுதல் மருந்தின் விளைவு என்று அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

பின்னர், வழக்கமான பேக்ளிடாக்செல்லை வாரந்தோறும் சிறு அளவில் தருவதே மூன்று வாரத்துக்கு ஒருமுறை தருவதைவிட நல்லது என்று தெளிவானது. அந்த வாராந்திர முறையோடு நானோ வகையை ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், பரவிய நோயில் அது மேலானதாக நிற்கவில்லை. பக்கவிளைவும் கூடுதலாக இருந்தது. அறுவைக்கு முன் தந்து பார்த்த ஜெர்மானிய ஆய்வில் கட்டி முற்றிலும் மறைந்தவர் 38 சதவீதமாகவும், வழக்கமான வகையில் 29 சதவீதமாகவும் இருந்தனர். அதே நோக்கத்துடன் நடந்த மற்றோர் ஐரோப்பிய ஆய்விலோ வேறுபாடு உறுதிப்படவில்லை. கரைப்பானுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு தர இயலாதவர்களுக்கும் இது தெளிவான மாற்று. மற்றவர்களுக்குப் பழைய மருந்தே கிடைத்தால், புதியது கிடைக்கவில்லையே என்று வருந்துவதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இரண்டும் பேக்ளிடாக்செல்லே என்றாலும் ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது ஆபத்து. மருந்துச் சீட்டில் எந்த வகை என்று தெளிவாக எழுதப்பட வேண்டும்.

வேறு நானோ வடிவங்கள் உண்டா?

உண்டு. பாலிமர் இழைகள் திரண்டு உருவாகும் மைசெல் என்ற நுண் உருண்டையில் பேக்ளிடாக்செல்லை அடைத்த மருந்து ஒன்று தென்கொரியாவில் பயன்பாட்டில் உள்ளது. கொழுப்புக் குமிழிகளான லிப்போசோம்களில் டாக்சோரூபிசினை அடைத்த மருந்து 1995இலேயே வந்துவிட்டது. இதயப் பாதிப்பை அது குறைத்தது, பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியும் தொல்லையைக் கொண்டுவந்தது. ஆனால் அது தாவர மூலக்கூறு இல்லை.

நானோ துகள் புற்றுக்கட்டியை மட்டும் தேடிச் செல்லும் என்கிறார்களே?

இது பாதி உண்மை. வேகமாக வளரும் கட்டியின் இரத்த நாளங்கள் ஒழுங்காக அமையாமல் இடைவெளிகளோடு இருக்கும், அங்கிருந்து நிணநீர் வடிகாலும் சரியாக இராது, ஆகவே பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தேங்கும் என்று ஜப்பானைச் சேர்ந்த மட்சுமுராவும் மயேதாவும் 1986இல் விளக்கினார்கள். எலிகளில் இது நன்றாகவே தெரிகிறது. எலியில் சில வாரங்களில் வளர்க்கப்படும் கட்டி, அதன் உடல் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. அதன் நாளங்களும் அவசரமாக உருவானவை. மனிதரில் பல ஆண்டுகளாக வளர்ந்த மார்பகக் கட்டியில் இந்தக் கசிவு நோயாளிக்கு நோயாளி மாறுகிறது. ஒரே நோயாளியின் ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும்கூட மாறுகிறது.

எலி ஆய்வுகளிலேயே விளைவு அடக்கமானதுதான். பத்தாண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீடு ஒன்று, செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியை அடைவது இடைநிலை அளவில் 0.7 சதவீதம் மட்டுமே என்று காட்டியது. மீதி பெரும்பாலும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. இந்தத் துறையில் இருப்பவர்களையே உலுக்கிய எண் அது. சாதாரண மருந்தும் கட்டியில் முழுதாகச் சேர்வதில்லை என்பதால் இதை வைத்து நானோ மருத்துவமே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. 'இலக்கை மட்டும் தாக்கும்' என்ற விளம்பர வாசகத்தை நம்பவும் கூடாது.

ஆன்டிபாடியோடு பிணைத்த மருந்துகளும் இதில் சேருமா?

நானோ மருத்துவம் என்ற தலைப்பின்கீழ் எல்லோரும் அவற்றைச் சேர்ப்பதில்லை. ஆயினும் ஆன்டிபாடியின் அளவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். அது செய்வதும் மருந்தைச் சுமந்து சென்று குறிப்பிட்ட செல்லில் இறக்கும் வேலைதான். தாவர மூலக்கூறுகளின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்லலாம்.

எத்தியோப்பியப் புதர்ச்செடி ஒன்றிலிருந்து 1970களின் தொடக்கத்தில் பிரிக்கப்பட்ட மேடான்சின், வின்கா மருந்துகளைவிடப் பன்மடங்கு வீரியம் கொண்டது. அந்த வீரியமே அதற்கு எதிரியானது: நோயாளிகளுக்குத் தனியாகத் தந்தபோது, பயன் தரும் அளவை எட்டுமுன்பே நச்சு விளைவுகள் வந்துவிட்டன, மருந்து கைவிடப்பட்டது. பின்னர், சில மார்பகப் புற்றுச்செல்களின் மேற்பரப்பில் மிகுதியாக உள்ள ஹெர்2 என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் ஆன்டிபாடியில், ஒன்றுக்குச் சராசரியாக மூன்றரை மூலக்கூறு என்ற கணக்கில் மேடான்சின் வழிப்பொருளைப் பிணைத்தார்கள். ஆன்டிபாடி செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் செரிக்கப்பட்ட பிறகே நஞ்சு வெளிவரும். கட்சைலா என்ற அந்த மருந்து 2013இல் ஒப்புதல் பெற்றது. உடல் தாங்காது என்று ஒதுக்கிய மூலக்கூறு, ஊர்தி மாறியதும் மருந்தானது.

சீனாவைச் சேர்ந்த மரம் ஒன்றிலிருந்து வால், வானி குழுவினரே 1966இல் கண்டுபிடித்த கேம்ப்டோதெசினின் கதையும் இதற்கு நெருக்கமானது. டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்த்து மீண்டும் ஒட்டும் டோபோஐசோமரேஸ் 1 நொதியை அது முடக்குகிறது. அதன் வழித்தோன்றல்களுள் ஒன்றைச் சுமப்பது டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டீகான். ஓர் ஆன்டிபாடிக்கு எட்டு மூலக்கூறுகள். வெளிவந்த மருந்து பக்கத்துச் செல்லுக்குள்ளும் ஊடுருவும் என்பதால், ஹெர்2 குறைவாக உள்ள கட்டிகளிலும் இது வேலை செய்கிறது. அந்தப் பிரிவினருக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. மற்றொரு வழித்தோன்றலான எஸ்.என்-38ஐச் சுமக்கும் சசிடுசுமாப் கோவிடீகான் டிராப்-2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வது. ஹார்மோன் ஏற்பிகளும் மிகுதியான ஹெர்2வும் இல்லாததால் சிகிச்சை வாய்ப்புகள் குறைவான மூன்று-எதிர்மறை மார்பகப் புற்றுநோயில் முந்தைய சிகிச்சைகள் பலன் தராதவர்களிடம் நடந்த ஆய்வில், இடைநிலை வாழ்நாளை வழக்கமான கீமோதெரபியின் 6.7 மாதத்திலிருந்து 12.1 மாதமாக இது உயர்த்தியது.

இவை பக்கவிளைவற்றவை அல்ல. டெருக்ஸ்டீகானைப் பெறுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நுரையீரல் அழற்சி வரக்கூடும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. சிகிச்சையில் இருப்பவருக்குப் புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது. கோவிடீகானில் வெள்ளையணுக் குறைவும் கடும் வயிற்றுப்போக்கும் முக்கியம்.

குர்குமின் மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தும் என்பதற்கு மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் சான்று இல்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், ஆய்வகத் தட்டில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்வதாகத் தெரியும். அழற்சிப் பாதைகளை அடக்கும், செல்லை மடியவைக்கும், இன்னும் பல. அனுபவமுள்ள மருந்து வேதியியலாளர் இதைப் பார்த்து மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவார். ஏனெனில் குர்குமின் தானே ஒளிர்வது, பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்வது, நடுநிலைக் கரைசலில் விரைவாகச் சிதைவது. இவை எல்லாமே சோதனை முறைகளை ஏமாற்றக்கூடிய இயல்புகள்.

உடலுக்குள் சிக்கல் வேறு. வாய்வழி எடுத்தால் குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. ஒரு நாளைக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில்கூட உச்ச அளவு 2 மைக்ரோமோலார் என்ற செறிவைத் தாண்டவில்லை. தட்டில் செல்களைக் கொல்லப் பெரும்பாலும் அதைப் போல் பத்து மடங்கு வேண்டும். சிரை வழியாகக் குர்குமின் செலுத்தி, பேக்ளிடாக்செல்லோடு சேர்த்து, முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 150 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில் கட்டி சுருங்கியவர் விகிதம் 51 சதவீதமாகவும், குர்குமின் பெறாதவரிடம் 33 சதவீதமாகவும் இருந்தது. கவனிக்கத்தக்க முடிவுதான். ஆனால் நோய் முன்னேறாதிருந்த காலத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை; பெரிய ஆய்வொன்றில் மீண்டும் காட்டப்படாதவரை இதைச் சிகிச்சையாக ஏற்க முடியாது.

அப்படியானால் 'நானோ குர்குமின்' மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

சிகிச்சையில் இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். நானோ வடிவமும், மிளகின் பைப்பரின் சேர்த்த வடிவமும் இரத்தத்தில் குர்குமின் அளவை உயர்த்தவே செய்யப்பட்டவை. உணவில் சேரும் மஞ்சளைப் பற்றிய நெடுங்கால அனுபவத்தை வைத்து இவற்றின் பாதுகாப்பைக் கணிக்க முடியாது. உறிஞ்சும் திறன் கூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மேலும், டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையை எடுத்துவந்தவர்களிடம் நடந்த சிறிய ஆய்வொன்றில், குர்குமினைச் சேர்த்தபோது அந்த மருந்தின் செயல்படும் வடிவமான எண்டாக்சிஃபெனின் அளவு இரத்தத்தில் குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. நோய் திரும்பாமல் காக்கும் மாத்திரையை, நலம் தரும் என்று நம்பி எடுத்த மாத்திரை வலுவிழக்கச் செய்யலாம்.

திராட்சையின் ரெஸ்வெராட்ரால், வெங்காயத்தின் குவெர்செடின், கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன், பச்சைத் தேயிலைப் பொருள்கள்?

இவற்றின் நிலையும் பெரும்பாலும் இதுவே: செல்களிலும் எலிகளிலும் ஆய்வுகள் ஏராளம், சிகிச்சையாக ஒப்புதல் பெற்றது ஒன்றுமில்லை.

இலைச்சாற்றால் செய்த வெள்ளி, தங்க நானோ துகள்கள் பற்றி நிறையச் செய்திகள் வருகின்றனவே?

வெள்ளி உப்புக் கரைசலில் ஏதேனும் ஓர் இலைச்சாற்றை ஊற்றினால், சாற்றிலுள்ள பீனாலிக் பொருள்கள் வெள்ளி அயனிகளை உலோகமாக ஒடுக்கிவிடும்; கரைசல் பழுப்பாக மாறினால் துகள்கள் உருவாகிவிட்டன என்று பொருள். மலிவானது, நச்சுக் கரைப்பான் வேண்டாதது, ஒரு மாணவர் சில வாரங்களில் செய்து முடிக்கக்கூடியது. அதனால்தான் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கட்டுரை வந்துகொண்டிருக்கிறது. சாறு ஒவ்வொரு முறையும் மாறுவதால் துகளின் அளவும் வடிவமும் மேற்பூச்சும் மாறுகின்றன. மருந்துக்கு அடிப்படைத் தேவையான, ஒவ்வொரு தொகுப்பும் ஒன்றுபோல் இருக்கும் சீர்மை இதில் கைகூடவில்லை. செல்களைக் கொல்வதில் வெளியேறும் வெள்ளி அயனிக்குப் பெரும் பங்கு உண்டு. அது நல்ல செல்லையும் விடாது.

"மார்பகப் புற்றுச்செல்களை 90 சதவீதம் அழித்தது" என்ற செய்தியை எப்படிப் படிக்க வேண்டும்?

முதலில், எங்கே அழித்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எம்.சி.எஃப்-7 என்றோ எம்.டி.ஏ-எம்.பி-231 என்றோ ஒரு பெயர் இருக்கும். இவை 1970களில் நோயாளிகளின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றுவரை ஆய்வகங்களில் வளர்க்கப்படும் செல் வரிசைகள். முதலாவது ஹார்மோன் ஏற்பி உள்ளது. இரண்டாவது மூன்று-எதிர்மறை வகை. ஆய்வுக்கு அவை மிகப் பயனுள்ளவை, ஆனால் அந்தத் தட்டில் கல்லீரல் இல்லை, நோயெதிர்ப்புச் செல்கள் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. சலவைத் தூளைப் போட்டாலும் தட்டிலுள்ள புற்றுச்செல் சாகும்.

அடுத்து, எந்தச் செறிவில் என்பதும், அதே செறிவில் இயல்பான மார்பகச் செல்களுக்கு என்ன ஆனது என்பதும். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மருந்தோடு ஒப்பிட்டிருந்தால் கட்டுரை மதிப்பு கூடும். வெறும் துகளை, மருந்து ஏற்றாமல் தனியே சோதித்திருந்தால் இன்னும் நல்லது. இந்த இரண்டும் விடுபட்ட கட்டுரைகளே அதிகம் என் கண்ணில் படுகின்றன.

கீமோதெரபியின்போது மூலிகைப் பொருள்கள் எடுப்பதால் என்ன கெடுதல்?

டாக்சேன்கள் உட்படப் பல புற்றுநோய் மருந்துகளைக் கல்லீரலில் உள்ள சிப் 3ஏ4 போன்ற நொதிகள் சிதைக்கின்றன. மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை அந்த நொதியைத் தூண்டி, டோசிடாக்செல்லின் அளவையும், உடலில் எஸ்.என்-38ஆக மாறும் இரினோடீகான் என்ற மருந்தைப் பெற்றவர்களில் அந்த எஸ்.என்-38இன் அளவையும் குறைப்பது மனிதரிடமே நிறுவப்பட்டுள்ளது. எதிர்த்திசையில், நொதியைத் தடுக்கும் பொருள்கள் மருந்தின் அளவை நச்சு நிலைக்கு உயர்த்தலாம். எடுக்கும் எல்லாவற்றையும், சாதாரணம் என்று தோன்றுவதையும், மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் ஆபத்து.

கீமோதெரபியைத் தவிர்த்துத் தாவரப் பொருள்களை மட்டும் எடுத்தால்?

மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களையும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2018இல் வெளியானது. மார்பகப் புற்றுநோயில், மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் ஐந்தரை மடங்குக்கு மேல் இருந்தது. மற்ற புற்றுநோய்களைவிட இங்கே இடைவெளி பெரிதாக இருப்பதற்குக் காரணம் எளிது: பரவுவதற்கு முன் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, தாமதித்தால் இழப்பதும் அதிகம்.

நானோ மருந்தின் மருத்துவ ஆய்வில் சேர அழைத்தால் என்ன கேட்க வேண்டும்?

ஆய்வு எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை முதலில் கேளுங்கள். முதல் கட்டம் பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவைக் கண்டறிவதற்கானது. உங்களுக்குப் பயன் கிடைப்பது அதன் முதன்மை நோக்கம் இல்லை. மூன்றாம் கட்டமானால், எதிரணியில் தரப்படுவது இன்றைய சிறந்த சிகிச்சையா, எந்த அணி என்பது குலுக்கல் முறையில் முடிவாகுமா என்று கேளுங்கள். உங்கள் கட்டியின் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 நிலை இந்த மருந்துக்குப் பொருந்துகிறதா, கல்லீரல் செயல்பாட்டையும் நரம்புப் பாதிப்பையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள், அல்புமின் போன்ற மனித இரத்தப் பொருள் மருந்தில் உள்ளதா, ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க ஏற்பாடு என்ன என்பவற்றுக்கும் தெளிவான பதில் கிடைக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வர அவகாசம் கேட்பது உங்கள் உரிமை. கையெழுத்திட்ட பிறகும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.